பவானி அக்கா எனக்கு வைத்திருந்த வீடு

செய்தி வந்தபோது நான் பிரான்ஸில், ரூ லூயி-பிளாங் தெருப் புடவைக் கடையில் ஒருவருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பவானி அக்காவின் கணவர், சிவம் அத்தான். "பவா போயிட்டாள், பிள்ளை. காலமை ரயிலுக்கு வெளிக்கிடேக்கை விழுந்தவள்," என்றார். விரித்த புடவையை மடிக்கத் தெரியாமல் நின்றேன்.

அந்தக் கடையில் என்னோடு ஆறு வருடம் வேலை செய்த அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வாங்க வந்தவரிடமே "உங்களுக்கு இந்தக் கலர் எடுபடாது" என்று சொல்லி, முதலாளியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். 2009க்குப் பிறகு, அத்தானுக்கு டப்ளினில் வேலை கிடைக்க, இருவரும் அயர்லாந்துக்குப் போனார்கள். நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம், ஒரு சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு கடை, வாங்க ஆளில்லாமல் நின்ற புது வீடுகளின் வரிசை. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு பூட்டியே கிடந்தது.

"அது உனக்குத்தான். வா பிள்ளை," என்பார் ஞாயிறுதோறும் தொலைபேசியில். முதல் சில வருடங்கள் என்னிடம் கார்த் என்கிற வதிவிட அட்டை இல்லை; பிரான்ஸை விட்டு வெளியே போக முடியாது. கார்த் கிடைத்த பிறகு லீவு இல்லை என்றேன். உண்மையில் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த என் ஒற்றை அறையை விட்டு நகரப் பயம். அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு அந்த ஊர் மளமளவென்று வளர்ந்தது. "முந்திக் காலமை ரயிலுக்கு நாங்கள் நாலு பேர்தான் நிப்பம். இப்ப ஏறவே இடமில்லை," என்றார். குடிவந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கா பால் சட்டியோடு போனார். புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டுமே. ஒரு வீட்டில் வழிந்த பால் புகைந்து அலாரம் அலற, வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாராம். அக்கா அசரவில்லை. "அடுத்த வீட்டிலை சன்னலைத் திறந்துபோட்டுக் காய்ச்சினன்," என்றார்.

பக்கத்து வீடும் ஒருநாள் விற்றுப்போனது. "ஆக்கள் வந்திட்டினம்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வரச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த ஊருக்கு நான் முதன்முதலாகப் போனது செத்தவீட்டுக்கு. பக்கத்து வீட்டில் குடிவந்திருந்த மோரின் என்ற பெண் சட்டியும் பாலுமாக வந்து, கேட்காமலே அடுப்பில் வைத்தார். செத்தவீட்டில் அடுப்பே மூட்டக் கூடாது, இதில் பால் பொங்க வைப்பதா என்று எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். மோரின் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அத்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"பவா புது வீட்டுக்குப் போறாளாம். பால் பொங்காமல் அனுப்பக் கூடாதாம். விடுங்கோ."

பால் பொங்கி வழியும்வரை எல்லோரும் நின்றோம்.

பிறகு மோரின் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "குடிவந்த அண்டு பவா இவவிட்டைச் சொன்னவளாம், இது என்ரை தங்கச்சிக்கு வைச்சிருந்த வீடு, கவனமாப் பாருங்கோ எண்டு. அந்தத் தங்கச்சி நீதானோ எண்டு கேக்கிறா," என்றார் அத்தான்.

அக்காவின் அடி கருகிய பால் சட்டியை அத்தான் என்னிடம் தந்துவிட்டார். அது என் அறையில் இருக்கிறது. எனக்கென்று ஒரு வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு இத்தனை வருடம் காத்திருந்தவர் வேறு யாரும் இல்லை. அன்று மோரின் கேட்டபோது சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். ஓம் அக்கா, அந்தத் தங்கச்சி நான்தான்.