செங்கல்லால் தேய்த்த ரேகை

என் அக்காவின் வலது கட்டைவிரலைப் பதினைந்து நாள் விடாமல் பார்த்திருக்கிறேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

வலங்கைமான் பக்கம், பண்ணையாரின் நிலத்தில் எங்களுக்கு ஒரு கூரை வீடு. அப்பாவும் அம்மாவும் போனபிறகு, அக்கா நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் பத்தாவது வரை படிக்கவைத்தாள். கூலிச் சண்டையில் அவள் முன்வரிசையில் நின்றதிலிருந்து பண்ணையின் காரியக்காரருக்கு எங்கள் கூரைமேல்தான் கண். அந்தச் சமயத்தில் குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. கோடையில், வயல் வேலை இல்லாத நாளில், நான் மனு எழுதினேன். அக்கா கைநாட்டு வைத்தாள்.

விசாரணைக்கு அழைத்தபோது நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றுக் கறையோடு அதிகாரிமுன் கையை நீட்ட முடியுமா? எங்கள் தெருப் பெண்கள் கல்யாணத்துக்குப் போனாலும் ஆபீசுக்குப் போனாலும், வாய்க்காலில் இறங்கிச் செங்கல் துண்டால் கையைத் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். அன்று அக்காவுக்குத் தேய்த்துவிட்டவள் நான். கறை போகிறவரை விடவில்லை.

விசாரணையில், மனுவிலிருந்த ரேகையோடு ஒத்துப்பார்க்க விரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தால், கறுப்பாக ஒரு பொட்டு. ஒரு கோடுகூட இல்லை. மூன்று முறை வைத்தும் அப்படியே.

பண்ணை சார்பில் வந்திருந்த காரியக்காரர் எழுந்தார். "மனுவுல இருக்கற ரேகை இதுதான்னு எப்படிங்க ஒத்துக்கறது? அந்தக் கொட்டாய்ல எத்தனையோ பேரு வந்து தங்குறாங்க. இவதான் அவளான்னு யாருக்குத் தெரியும்?"

"ஒங்க வயல்லதாங்க தேஞ்சு போச்சு" என்றாள் அக்கா. "சேத்துல கெடக்கும். எறங்கித் தேடிப் பாருங்க."

அதிகாரியே சிரித்துவிட்டார். ஆனால், "பதினஞ்சு நாள் கழிச்சு வாம்மா. அப்பவும் விழலன்னா மனுவைத் தள்ளத்தான் வேணும்" என்றார்.

ரேகை வளரும் என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன்: தோலுக்கு இரண்டு அடுக்கு, மேலே இருப்பது உதிர்ந்துகொண்டே இருக்கும், அடியிலிருந்து புதிது ஏறிவரும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"படிச்சவ வாயில கொழுக்கட்டையா?" என்று வழியெல்லாம் திட்டினாள் அக்கா.

நடவுக்குப் போகக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். "ஒரு வெரலுக்கு இம்புட்டு உபசாரமா? புது மாப்பிள்ளை கெட்டான்" என்றாள். நடவுப் பாட்டு வயலிலிருந்து கேட்கும்போதெல்லாம் அவள் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றாள்.

ஏழு நாள் ஒன்றும் இல்லை. விரல் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. வீட்டை நானே தேய்த்து அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். எட்டாம் நாள் காலை, வாசல் வெயிலில் விரலைச் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்தில் மயிரிழைபோல மூன்று கோடுகள். மறுநாள் இன்னும் சில. அவை வளைந்தன. நடுவை நோக்கி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போயின. யாரும் வரையவில்லை. வரைவதற்கு யாருக்கும் வழி தெரியாது.

பதினைந்தாம் நாள் ரேகை விழுந்தது. அதிகாரி மனுவைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அதற்கும் இதற்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். காரியக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். "அதே சுழி. நீங்களே பாருங்க." அவர் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதிகாரி மனுவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது அக்கா கட்டைவிரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அதே மாதிரி எப்படிடி வந்துச்சு?"

"மேல்தோல்தான் தேஞ்சுது. அச்சு உள்ள இருக்கு."

"உள்ள யாரு வச்சா?"

அது என் பாடத்தில் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் அவள் நடவுக்குப் போனாள். ஒரு வாரத்தில் விரல் மறுபடி வழவழப்பானது. இந்த முறை நான் பயப்படவில்லை.