கொம்பனுக்குக் கட்டிய கிளை

உப்பு வண்டிக்காரனுக்கு வியர்வையிலும் உப்பு, சோற்றிலும் உப்பு. என்னைப்போல் முதுகு கழன்ற வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புத்தளத்தில் மூட்டை ஏற்றி, கடலோரக் காட்டைத் தாண்டி, குருணாகல் வழியாகக் கட்டுகஸ்தோட்டை வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். அந்த உப்பு வந்தால்தான் தெல்தோட்டைக் கோப்பித் தோட்டங்களில் கஞ்சிக்கு ருசி.

காதர் காக்காவின் கிளை

காட்டு முகப்பில் ஒரு பாலை மரம், அதனடியில் ஒரு கல் பிள்ளையார். பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து வந்து அந்த மரத்தில் கட்டாமல் எந்த வண்டியும் காட்டுக்குள் நுழையாது. கட்டினால் யானை, கரடி, சிறுத்தை எதுவும் நம்மைத் தொடாது என்று நம்பிக்கை.

எனக்கு முன்னால் வண்டி ஓட்டும் காதர் காக்கா ஐந்து வேளையும் தொழுகிறவர். ஆனாலும் தளதளவென்ற கிளையாகப் பார்த்து ஒடிப்பார். ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் ஏனென்று கேட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இது எனக்கில்ல தம்பி, என்ட மாட்டுக்கு."

விருந்தாளி

கட்டிய கிளைகள் அடுத்த நடைக்கு இருக்காது. காற்றின் வேலை என்றிருந்தோம். ஒரு மாலை கிளைகளைக் கட்டிவிட்டு, சற்றுத் தள்ளி மாடு அவிழ்த்திருந்தபோது கொம்பன் வந்தது. நம் தீவில் தந்தமுள்ள யானை அபூர்வம். இதன் தந்தங்களோ நிலத்தைத் தொட்டன. பிள்ளையார் கல்லை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு கிளையாக எடுத்து, காலில் தட்டித் தூசி உதறி, நிதானமாகத் தின்றது. அவ்வளவு பெரிய உடம்புக்கு என்ன பதவிசு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்வண்டி முத்தையா கன்னத்தில் போட்டுக்கொண்டான்: "அண்ணே, சாமி நேர்ல வந்து வாங்கிக்கிறாரு. இனிமேயாச்சும் பழுத்த எலையா பாத்துக் கட்டாதீங்க."

பரண்மேல் துரை

சங்கதி கண்டிச் சந்தைவரை பரவி, ஒரு கோப்பித் தோட்டத் துரையின் காதில் விழுந்தது. தந்தத்துக்கு ஆசைப்பட்டுத் துப்பாக்கியோடு வந்தவர், பாலை மரத்துக்கு எதிரே பரண் கட்டி ஏறிவிட்டார். கிளை கட்டினால் கொம்பன் வரும், வந்தால் சாகும். கட்டாவிட்டால் காடு முழுக்க எங்களுக்குக் காவல் இல்லை. துரையை எதிர்த்துப் பேசவோ எங்களுக்கு வாய் கிடையாது.

முன்வண்டி காதர் காக்கா மரத்தடியில் நிறுத்தவே இல்லை, நேரே காட்டுக்குள் விட்டார். பின்னாலேயே நானும் விட்டேன். முத்தையா பிள்ளையார் பக்கம் தலையைத் திருப்பாமலே வந்தான். எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டோம். அவர்களும் ஓர் இலைகூடக் கட்டவில்லை. கொம்பனும் வரவில்லை.

கொசுக்கடியில் முகம் வீங்கிய துரை, கடைசியில் யாரோ ஒருவரின் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் கத்தினார்: "கிளையும் இல்லே, யானையும் இல்லே. வண்டிக்காரன் எல்லாம் பொய் பேசுது!"

பொய்யர் பட்டத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, அடுத்த நடையில் ஆளுக்கு இரண்டு கிளை கட்டினோம். மாடு அவிழ்ப்பதற்குள் எல்லாம் காலி.