விரியாத பை

மங்கலம்பேட்டையில், துபாயிலிருந்து வந்திருந்த நண்பர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எங்கள் காரின் கண்ணாடி உடைந்து கிடந்தது. ஸ்டீயரிங்கின் நடுவே இருந்த ஏர்பேக்கை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பின்சீட்டில் இருந்த என் பட்டுப்புடவையைச் சீண்டக்கூட இல்லை. அப்பாடா என்றுதான் எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் கணவர் விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் பியூஸ் கட்டையை வலது காதருகே பிடித்து, விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். இந்தப் பழக்கம் யூனிட்டோடு நிற்காது. தேங்காயைத் தட்டுவார், கதவைத் தட்டுவார். ஒருமுறை என் அண்ணனின் புது ஹெல்மெட்டையும் தட்டினார், அது அண்ணன் தலையில் இருக்கும்போதே.

ஷோரூமில் புது ஏர்பேக் வர நாளாகும் என்றார்கள். அதற்குள் தெரிந்த மெக்கானிக் ஒருவர், கம்பெனி பீஸ்தான் என்று சொல்லி ஒன்றை மாட்டித் தந்தார். திருட்டுக்குப் பிறகு விடாமல் எரிந்துகொண்டிருந்த ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிட்டது. இவர் ஸ்டீயரிங்கின் நடுவில் தட்டி, குனிந்து கேட்டார்.

"உள்ள சரக்கு இருக்குது," என்றார்.

பீங்கானைக் கேட்டுப் பழகிய காது. நானும் அதை நம்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து, பெண்ணாடம் போகிற வழியில் முன்னால் போன கரும்பு டிராக்டர் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இவர் என் பக்கம் திரும்பினார், நான் பெல்ட் போட்டிருக்கிறேனா என்று பார்க்க. மோதியதும் எனக்கு முன்னால் இருந்த பை விரிந்து என்னைத் தாங்கிக்கொண்டது. அவருக்கு முன்னால் எதுவும் விரியவில்லை. வலது பக்கத் தலை ஸ்டீயரிங்கில் இடித்தது.

பிறகு ஸ்டீயரிங்கைப் பிரித்துப் பார்த்தார்கள். மூடி மட்டும் புதுசு, உள்ளே பழைய துணி. விளக்குக்குப் போகும் ஒயரையும் வெட்டி வைத்திருந்தான் பாவி. சாவி போட்டதும் அந்த விளக்கு கொஞ்சம் எரிந்து அணைந்தால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். எங்களுடையது எரியவே இல்லை. எரியாததே நல்லது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

காயம் ஆறிவிட்டது. வலது காது மட்டும் அதன் பிறகு கேட்கவே இல்லை. இப்போது கட்டையை இடது காதருகே பிடித்துத் தட்டிவிட்டு, நிச்சயமில்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார்.

இந்தத் தடவை காத்திருந்தோம். ஷோரூமிலேயே, சீல் பிரிக்காத பெட்டியை எங்கள் முன்னால் திறந்து மாட்டினார்கள். சாவி போட்டதும் விளக்கு எரிந்தது, அணைந்தது. இவ்வளவுதான். இதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நாங்கள்?

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "தட்டிப் பாக்கலீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பாட்டுக்குச் சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வலது பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். திரும்ப அதைக் கேட்க மனசு வரவில்லை.