எழுபதாம் பிரிவும் இரண்டு ராத்திரிப் புழுக்கையும்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காலையில் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் வேல்விழியைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பெண்ணைச் சுற்றி நாலு பெரியவர்கள் நின்று தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, அவள்தான். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஐந்து வருஷப் படிப்பு, இன்னும் எவ்வளவோ பாக்கி. ஊருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கே அவளை வக்கீல் ஆக்கிவிட்டது.

ஒருவருக்குப் பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை தன் மாடிக்கு வருகிறது. இன்னொருவருக்கு மருமகன் பைக்கை வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கிற சங்கரேஸ்வரிக்கு வேறு மாதிரிப் பிரச்சினை.

"ஏட்டி வக்கீலு, எம்மவன் கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு போனையே எடுக்க மாட்டுக்கான். அவம்மேல கேஸ் போடலாமா?"

"போடலாம் அத்தை. ஆனா சம்மன் அனுப்பவும் அவன் போனை எடுக்கணுமே."

பஸ் வந்துவிடும். சங்கரேஸ்வரி ஒரு முழம் பூவை அவள் கையில் திணித்துவிட்டுப் போவாள். வேல்விழி இதுவரை வாங்கிய ஃபீஸ் அவ்வளவுதான்.

சட்டம் ஒரு பெண்ணுக்குள் நுழைந்தால் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுடைய அம்மா பேச்சியைக் கேட்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி தோசை மாவு தீர்ந்துவிட்டது.

"யம்மா, சாப்பிட வாறியான்னு நீ கேட்டது முன்மொழிவு. வாரேன்னு நான் சொன்னது ஏற்பு. ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. இப்போ தோசை இல்லன்னா அது ஒப்பந்த மீறல்."

"மீறினா என்னட்டி செய்வ?"

"நஷ்ட ஈடு கேப்பேன்."

பேச்சி நஷ்ட ஈடாகத் தோசைக்கரண்டியை ஓங்கிக் காட்டினாள். வழக்கு அத்துடன் வாபஸ் ஆனது.

கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்துவார்கள் என்று கறுப்புக் கோட்டு தைத்தாள். முதல் தடவை அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் இல்லாத சீட்டில் உட்கார்ந்து திருநெல்வேலி போனபோது, வெயிலில் பாதி வேல்விழி வழியிலேயே உருகி ஒழுகிவிட்டாள் என்றும், மீதிப் பாதிதான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்வார்கள். நான் இதை முழுதாக நம்பவில்லை. முக்கால்வாசிதான் நம்பினேன்.

அவளுடைய அப்பா செல்லச்சாமி ஆடு மேய்ப்பவர். வெள்ளாடும் செம்மறியுமாக நூற்றுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேல்விழிதான் ஆட்டோடு காட்டுக்குப் போவாள். வீட்டில் டிவி ஓடும். காட்டில் சத்தம் போட்டுப் படிக்கலாம். ஆடுகளைப் போல மாணவர்கள் எந்தக் கல்லூரிக்கும் கிடைக்க மாட்டார்கள். தூங்காது, போன் பார்க்காது, மென்றுகொண்டே கடைசிவரை கேட்கும். மந்தையில் கருப்பன் என்று ஒரு கிடா. ஒவ்வொரு பிரிவையும் அவள் சொல்லி முடிக்கும்போது "ம்மே" என்று ஒரு குரல் கொடுக்கும். ஒப்பந்தச் சட்டத்தில் தப்பாகச் சொன்னால் மட்டும் கொடுக்காதாம். செல்லச்சாமி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்.

கிடாவின் சட்ட ஞானம் இருக்கட்டும். வினை வந்தது அதன் வாயால்தான்.

விதைப்புக்கு முன்னால் ஆடுகளை ராத்திரி நிலத்திலேயே அடைத்துப் போடுவதற்குக் கிடை போடுவது என்று பெயர். ஆடு தூங்கும். தூங்கிக்கொண்டே வேலையும் பார்க்கும். விடிந்தால் நிலம் பூராவும் புழுக்கை. மூத்திரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். கடையில் விற்கிற மூட்டை உரம் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. செல்லச்சாமி கிடைக்குக் கூலி வாங்குவதில்லை. மக்காச்சோளம் அறுத்த பிறகு அந்த நிலத்தில் நிற்கிற காய்ந்த தண்டுகளில், அதாவது தட்டையில், அவருடைய ஆடுகள் மேய்ந்துகொள்ளலாம். கோடை முழுக்க மந்தை உயிரோடு இருப்பது அந்தத் தட்டையால்தான்.

பனவடலிசத்திரம் போகிற வழியில் அகலமாக நிலம் வைத்திருப்பவர் பெருமாள்சாமி. அந்தப் புரட்டாசியில் புதிதாக ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். உழுது போட்ட கரிசல் காட்டில் எல்லா நிலமும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் கிடை போட வேண்டிய நிலத்தின் நடுவில் இலையோடு ஒரு வேப்பங்குழையை ஊன்றி வைப்பது வழக்கம். பெருமாள்சாமியும் ஊன்றினார். "பச்சையா குழை நிக்கும் பாரும். அங்கன போட்டுரும்" என்று செல்லச்சாமிக்குப் போனில் சொல்லிவிட்டு, கோவில்பட்டியில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வேல்விழி அந்த நிலத்து வரப்பில் உட்கார்ந்து எழுபதாம் பிரிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். கருப்பனும் கூட்டாளிகளும் வேப்பங்குழையை இலை, ஈர்க்கு, பட்டை என்று முறைப்படி முடித்தார்கள். மிச்சக் குச்சியைக் கருப்பன் கவ்விக்கொண்டு போனது. அவள் கண் திறந்தபோது அதன் வாயில் ஒரு குச்சி இருந்தது. ஏதோ குச்சி என்று நினைத்தாள்.

பக்கத்து நிலம் வெள்ளத்துரையுடையது. அங்கே ஓர் எலி வளையில் கால் விட்டு நொண்டியவர், மறுபடி விழாமல் இருக்க அந்த வளையில் ஒரு வேப்பங்குழையைச் செருகி வைத்திருந்தார். அந்தக் குழையை ஆடுகள் ஏன் விட்டன என்று என்னைக் கேட்கக் கூடாது. வயிறு நிறைந்திருக்கும்.

சாயங்காலம் செல்லச்சாமி வந்து பார்த்தார். பச்சையாக ஒரே ஒரு குழைதான் நின்றது. அங்கே இரண்டு ராத்திரி கிடை போட்டார்.

கோவில்பட்டியிலிருந்து திரும்பிய பெருமாள்சாமி, தன் நிலம் துடைத்து வைத்த கும்பா மாதிரி இருப்பதையும், வெள்ளத்துரை நிலத்தில் எள் போட இடமில்லாமல் புழுக்கை கிடப்பதையும் பார்த்தார். நேராகச் செல்லச்சாமி வீட்டுக்கு வந்தார்.

"என்ன வே இது? எனக்குப் போட வேண்டியத அவனுக்குப் போட்டுட்டு வந்து நிக்கேரு! நாலு நாள்ல விதைக்கணும். இனிமே ஒம்ம ஆடு எங்காட்டுப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது. தட்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அண்ணாச்சி, குழை அங்கனதானே நின்னுது..."

"நான் ஊனுன குழை எங்க வே?"

வேல்விழிக்கு அப்போதுதான் கருப்பனின் வாயில் இருந்த குச்சி ஞாபகம் வந்தது. அவள் சொன்னாள். பெருமாள்சாமி கிடாவை முறைத்தார். கிடா "ம்மே" என்றது.

அவர் போய்விட்டார். தட்டை இல்லை என்றால் கோடையில் ஆட்டைக் கிழக்கே இளையரசனேந்தலையும் தாண்டி ஓட்டிப் போக வேண்டும். திரும்ப மாசக்கணக்கு ஆகும். ஒற்றை ஆள் சமாளிக்க முடியாது. பேச்சிக்கு முட்டுவலி. மிச்சம் இருப்பது வேல்விழிதான். கல்லூரியில் வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"ஒரு வருசம்தானட்டி மக்கா" என்றார் செல்லச்சாமி. மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு வருஷம் நின்ற பிள்ளை மறுபடி பஸ் ஏறாது என்று வேல்விழிக்குத் தெரியும். தெருவில் அப்படி நின்றுபோன இரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பில் எல்லாரும் கூடினார்கள். வேல்விழி கறுப்புக் கோட்டோடு வந்தாள், பின்னாலேயே கருப்பனும் வந்தது.

"யாருட்டி செத்துப் போனா?" என்றார் வெள்ளத்துரை.

"யாரும் சாகல பெரியப்பா. வழக்கு பேச வந்திருக்கேன்."

"கோட்டுல ஒரு பொத்தானக் காணமே."

"அது கருப்பன் தின்னுட்டான். நீங்க விசயத்துக்கு வாங்க. ஒருத்தர் இனாமா இல்லாம செஞ்ச காரியத்தோட பலன இன்னொருத்தர் அனுபவிச்சா, அவரு ஈடு குடுக்கணும். ஒப்பந்தச் சட்டம், எழுபதாம் பிரிவு. எங்கப்பா கிடை போட்டது இனாமுக்கு இல்ல. பலன் ஒங்க நிலத்துல கிடக்கு."

"அப்படிப் போடு!" என்றார் பெருமாள்சாமி.

வெள்ளத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டிய இடத்தில் கையை எப்படி மூடுவது என்பதைப் பிறந்த அன்றே படித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

"நானாட்டி கேட்டேன்? ஆடு வந்துச்சு, படுத்துச்சு, போச்சு. அது போட்டதுக்கு நான் பொறுப்பா? எனக்கு அது வேண்டவே வேண்டாம். நாத்தம் குடலப் பொரட்டுது. சொல்லப்போனா நீங்கதான் எனக்கு ஈடு தரணும்."

வேண்டாம் என்று ஒதுக்குகிறவனைக் கட்டாயப்படுத்த முடியாது. அதையும் அவள் அதே பாடத்தில்தான் படித்திருந்தாள். கருப்பன்கூட இந்தத் தடவை குரல் கொடுக்கவில்லை.

"கேஸ் தோத்துப் போச்சு போல" என்றார் வெள்ளத்துரை சந்தோஷமாக.

வேல்விழி அவருடைய நிலத்தைப் பார்த்தாள். அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். பேசிக்கொண்டே அவர் ஐந்தாறு தடவை புழுக்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டார், பேரப்பிள்ளையைப் பார்ப்பது போல.

"அப்போ ஒங்களுக்கு வேண்டாம்?"

"வேண்டாம்."

"நெசமாவா பெரியப்பா?"

"கோமதி அம்பாள் அறிய வேண்டாம்."

"சரி. யம்மா, விளக்குமாற எடு. பெருமாள்சாமி மாமாவோட பொருள மாமா நிலத்துல கொண்டு போட்டுருவோம்."

பேச்சியும் தெருவிலிருந்து வந்த மூன்று பெண்களும் பனையோலைக் கடகப் பெட்டியும் விளக்குமாறுமாக இறங்கினார்கள். ஊரில் யாரும் எந்தக் காலத்திலும் செய்யாத வேலை. ஆட்டுப் புழுக்கையை முற்றம் பெருக்குவது போலப் பெருக்கிக் கூட்டினார்கள். முதல் பெட்டி வரப்பைத் தாண்டியபோது வெள்ளத்துரை சிரித்தார். இரண்டாவது பெட்டிக்கு மீசையைத் தடவினார். மூன்றாவதுக்கு அவர் கால் தானாக இரண்டு எட்டு முன்னால் போனது.

"அந்த மூலையில கொஞ்சம் கிடக்கட்டும். பாக்க அழகா இருக்கு" என்றார்.

"நாத்தம் குடலப் பொரட்டும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வேல்விழி அந்த மூலையையும் காட்டினாள்.

"இல்லட்டி, காஞ்சா நாத்தம் போயிரும்..."

"வேண்டாம், ஒங்க ஒடம்புக்கு ஆவாது. யக்கா, நல்லா அழுத்திப் பெருக்குங்க."

நாலாவது பெட்டி குவிந்து நிறைந்தது. ஒருத்தி தூக்கித் தலையில் வைத்தாள். இரண்டு புழுக்கை உருண்டு கீழே விழுந்தது. அந்த இரண்டைப் பார்த்ததும் வெள்ளத்துரைக்குள் ஏதோ அறுந்தது.

"ஏ! வைங்கட்டி கீழ! எம்புழுக்கையத் தொட்டீயன்னா நடக்கிறதே வேற!"

சத்தம் பனவடலிசத்திரம்வரை கேட்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டதாகவும் சொல்கிறார்கள்.

தலையில் வைத்தவள் பெட்டியை இறக்கினாள்.

"யாரு புழுக்கை பெரியப்பா?" என்றாள் வேல்விழி மெதுவாக.

வெள்ளத்துரை வானத்தைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். எல்லா இடத்திலும் சாட்சி நின்றது.

"அது... ஒரு பேச்சுக்கு..."

"எம்புழுக்கைன்னு வாயால ஒத்துக்கிட்டீய. அள்ளுனவளையும் தடுத்துட்டீய. வேண்டாதவருக்கு இவ்வளவு வலிக்காது. எழுபதாம் பிரிவு பிடிச்சிட்டுது பெரியப்பா. ஈடு குடுங்க."

கருப்பன் "ம்மே" என்றது. பெருமாள்சாமி கை தட்டினார்.

"பணமா கேக்க?" என்று வெள்ளத்துரை மடியைப் பொத்திக்கொண்டார்.

"பணம் வேண்டாம். மக்காச்சோளம் அறுத்ததும் ஒங்க தட்டையில எங்க ஆடு மேயட்டும். எங்கப்பா மாமாவுக்கு இன்னைக்கும் நாளைக்கும் கிடை போட்டுருவாரு. மாமா, ஒங்களுக்கு வர வேண்டியது வந்துரும். எங்களுக்கு ஒங்க தட்டை பழைய மாதிரியே வேணும். சரிதானா?"

பெருமாள்சாமி கொஞ்சம் யோசிப்பது போல் நின்றார். அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "எம்புழுக்கைன்னு சொன்னாம் பாரு, அதுக்காகவே எங்காட்டுல ரெண்டு கோடைக்கு மேஞ்சுக்கிடட்டும்" என்றார். அள்ளியதையெல்லாம் தன் நிலத்திலேயே திரும்பக் கொட்டிவிடச் சொன்னது வெள்ளத்துரைதான். கொட்டியதை அவரே குனிந்து பரப்பியும் விட்டார்.

அன்று சாயங்காலம் பெருமாள்சாமி தன் நிலத்தில் வேப்பங்குழை ஊன்றவில்லை. எருக்கங்குழை ஊன்றினார். அதை ஆடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

வேல்விழி இனிக் கிழக்கே போக வேண்டியதில்லை. மறுநாள் காலையில் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பின்னால் நடந்த பரீட்சையில் எழுபதாம் பிரிவைக் கேட்டிருந்தார்கள். உதாரணத்தோடு விளக்குக என்று இருந்தது. இந்த உதாரணத்தைப் பெயர்களை மட்டும் மாற்றி மூன்று பக்கம் எழுதினாள். கிடாவின் பெயரை மாற்றவில்லை. திருத்தியவர் யாரோ, நல்ல மார்க் போட்டிருந்தார்.

மார்க் வந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெள்ளத்துரை. அந்த வருஷம் மக்காச்சோளம் அவருக்குத் தலைக்கு மேல் வளர்ந்து அறுவடையும் ஆகியிருந்தது. தட்டையில் செல்லச்சாமியின் மந்தை இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏட்டி வக்கீலு, ஒரு சட்ட ஆலோசனை. அடுத்த வருசமும் இது மாதிரி தவறுதலா நடக்கதுக்கு ஏதும் வழி உண்டா?"

"மாமா எருக்கங்குழைக்கு மாறிட்டாரு பெரியப்பா. எருக்கந் திங்கிற ஆடு எங்க மந்தையில இல்ல."

பஸ் வந்தது. வேல்விழி ஏறினாள். வெள்ளத்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"அந்தக் கருப்பன் பொத்தானே திங்கான்லா. பழக்குனா எருக்கு திங்க மாட்டானா?"