பொண்டாட்டிக் கதைகள் பதினெட்டு நிமிடம்

கடலோரக் கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடுகள் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். நாலரை மணிக்கு வாசலில் தலைகளை எண்ணி உள்ளே விடுவார். தூண் மண்டபம், சிலைகள், கிணறு என்று பேசிக்கொண்டே வந்து, கடைசியில் கடலைப் பார்த்த மதிலோரம் கூட்டத்தை நிறுத்துவார். நிறுத்திய இரண்டாவது நிமிடம் சூரியன் தண்ணீரைத் தொடும். திரும்பினால் முற்றத்து மேடையில் ஆட்டக்காரிகள் சலங்கை கட்டித் தயாராக இருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பக்கத்து விடுதித் தோட்டத்தில் சாப்பாடு. பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை.

சூரியன் மறையும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறுமே என்று கேட்பீர்கள். அதற்கேற்ப அவர் பேச்சை நீட்டுவார், குறுக்குவார். நீட்டுவதற்கு அவர் கைவசம் இருந்த சரக்கு அவர் மனைவி.

முகம் திருப்பி நிற்கும் தேவி சிலையைக் காட்டி, “எங்க வீட்டுலயும் தினமும் இதே போஸ்தான். ஒரே வித்தியாசம், இது பேசாது,” என்பார். தூண் மண்டபத்தில், “நாப்பது தூண் தாங்கற பாரத்தை எங்க வீட்டுல ஒரே ஆள் தாங்கறா. அதைத் தினமும் சொல்லியும் காட்டறா,” என்பார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும்.

இதே மனுஷர் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். தொழிலுக்குத் தொண்டைதான் மூலதனமாம். ஒரு விரல் காட்டினால் வெந்நீர், இரண்டு விரல் காட்டினால் போர்வை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அந்த அம்மாள் இதை எப்படிப் பொறுத்தாரோ, நானாக இருந்தால் இரண்டு விரலையும் ஒடித்திருப்பேன்.

அன்று டிக்கெட் இருபத்தாறு. இருபத்தைந்து வரை எண்ணியவர் பேயறைந்தது போல் நின்றார். இருபத்தாறாவதாக, கைப்பையை அணைத்துக்கொண்டு, அவர் மனைவி. ‘நீ எங்கே இங்கே?’ என்று பழக்க தோஷத்தில் சைகையில்தான் கேட்டார்.

“டிக்கெட் வாங்கியிருக்கேன் சார். எண்ணுங்க,” என்றாள் அவள் சத்தமாக.

ஒரு கதை வெளியே வந்தாலும் மானம் கப்பலேறும். அதைவிட, ஊர் சிரிக்க அவளை விற்றுப் பிழைத்திருக்கிறோம் என்று அவள் மனசு விட்டுப்போனால்? அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கினார். “இது தூண். நாப்பது இருக்கு,” என்றார். “இது சிலை. திரும்பி நிக்குது,” என்றார். உப்புச்சப்பில்லாத பேச்சுக்குக் கூட்டம் கொட்டாவி விட்டது.

மதிலுக்கு வந்து பார்த்தால் சூரியன் இன்னும் மேலேயே இருந்தது. பதினெட்டு நிமிடம் மிச்சம். மேடையில் பெண்கள் தலைவாரிக்கொண்டிருந்தார்கள்.

“அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு டிக்கெட்?” என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

கடிகாரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருதிருவென விழித்தார். அவள் முன்னால் வந்தாள்.

“சூரியன் இறங்கற வரைக்கும் நான் ஒண்ணு சொல்லட்டுமா? எங்க வீட்டுக்காரருக்கும் பேசறதுதான் வேலை. ஆனா வீட்டுல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். போன வாரம் அடுப்புல பால் பொங்குது. பக்கத்துலயே நிக்கறார். ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதானே? மாடி ஏறி வந்து, என் முன்னாடி நின்னு, ரெண்டு கையையும் தூக்கிப் பால் மாதிரி பொங்கிக் காட்டறார்!”

வழுக்கைத் தலைக்காரர்தான் முதலில் சிரித்தார். அடுத்த கதை, அதற்கடுத்தது என்று அவள் வெளுத்து வாங்க, சூரியன் தண்ணீரைத் தொட்டதைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. அசடு வழிய நின்ற கடிகாரமும் சிரித்துவிட்டார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளோடா பதினாறு வருடம் பேசாமல் இருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. மத்தளம் வேகமெடுக்க, அவள் மடியில் விரலால் தாளம் போட்டாள். அவளுக்கு ஆட்டம் பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. அன்று அவர் மேடைப்பக்கம் திரும்பவே இல்லை.

கைடுகள் கடைசியில் சமையலறையில் நின்றபடி சாப்பிடுவதுதான் வழக்கம். அன்று தோட்டத்தில் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கோவமா?”

“கோவம்தான். போன மாசம் ஒரு அம்மா கண்ணாடி மாத்த வந்தாங்க. கோயில்ல ஒரு கைடு, கடலைப் பத்திப் பேசினதைவிடப் பொண்டாட்டியைப் பத்திப் பேசினதுதான் அதிகம், அந்தப் பொம்பளை குடுத்துவெச்சவன்னு சொன்னாங்க.”

அவர் எடுத்த மீன் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். “எல்லாம் சும்மா கிண்டல்மா.”

“கிண்டல்னா என்ன? அவங்க சிரிச்ச சிரிப்புல ஒரு கதையும் முழுசா வரல. என்னைப் பத்தி நீங்க என்னதான் பேசறீங்கன்னு கேக்க ஆசையா ஓடி வந்தேன். நீங்க தூணை எண்ணிட்டுப் போறீங்க.”

கடிகாரம் வெந்நீர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?”

“என்னை முதல்ல பார்த்தீங்களே, அன்னிக்கு என்ன தோணுச்சு? அதுல இருந்து,” என்றாள் அவள்.