தூங்குவதற்காகக் கடலுக்குப் போனோம்

மகள் பிறந்து ஏழு மாதம் ஆனபோது எனக்குத் தூக்கம் என்பதே அற்றுப்போயிருந்தது. தொட்டிலிலிருந்து கையை எடுத்தால் வீலென்று கத்துவாள். பகலும் அதுதான், ராத்திரியும் அதுதான். பிரசவத்துக்கு வந்த அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று ஊருக்குத் திரும்பியிருந்தார். கணவருக்கு ஐடி வேலை. வீட்டிலிருந்துதான் என்றாலும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்பவர் வீட்டில் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? திருமுல்லைவாயிலில் எங்கள் ஃப்ளாட் நாலாவது மாடி. குழந்தையின் அழுகை மாடி முழுக்கக் கேட்கும். ஒரு கதவும் திறக்காது.

குளிக்கப் போவேன். குளித்தேனா இல்லையா என்று தெரியாமல் வெளியே வந்து நிற்பேன். காரணமில்லாமல் அழுகை வரும், நிற்காது.

"சனி ஞாயிறு கடல் பக்கம் எங்கயாவது போயிட்டு வருவோம். உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்றார் கணவர்.

"எனக்குக் கடலெல்லாம் வேணாங்க. தூங்கணும்."

"அங்க வந்து தூங்கு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன். வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர் வழியாகக் கோவளத்தைத் தாண்டிப் போனோம். வழி முழுக்க மகள் தூங்கினாள். அவள் தலை சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நான் விழித்திருந்தேன்.

ரிசார்ட்டில் எங்கள் அறைக்கு நேர் கீழே நீச்சல் குளம். ஏதோ ஆபீஸிலிருந்து கூட்டமாக வந்து பெரிய ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் படுத்ததும் மகள் எழுந்துவிட்டாள். கணவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், பாட்டுப் பாடினார், ஏசியைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில் கட்டிலருகே வந்து நின்றார்.

"பசிக்குது போல. நீ கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். அவள் குடிக்கவில்லை, கடித்தாள். அவளைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தேன். "கார்ல டயபர் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டேன். போனை எடுக்கத் தோன்றவில்லை.

நேரே கடலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். எல்லோரும் அழகு என்று சொல்லும் அந்தச் சத்தம்கூட எனக்குக் குழந்தை அழுகிற மாதிரியே கேட்டது. அங்கே நிற்க முடியவில்லை. பக்கத்துப் பாதை வழியாக வெறுங்காலோடு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். சவுக்கு மரங்களுக்கடியில் இருந்தது எங்கள் கார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் பின் சீட்டில் சுருண்டு படுத்தேன். துப்பட்டாவை முகத்தில் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கூச்சல் கேட்டுத்தான் எழுந்தேன். வெயில் இறங்கியிருந்தது. பாட்டுச் சத்தம் இல்லை. எல்லோரும் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்து நானும் போனேன்.

கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அலை அடித்து விழுந்தார், எழுந்தார், மறுபடியும் கத்தினார். ரிசார்ட் ஆட்கள் இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் இடுப்பில் என் மகள். என் செருப்பைச் சுற்றி ஒரு கூட்டம். மீனவர்கள் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யம்மா, அது உன் செருப்பா? நீ இங்கயா கீற! உன் ஊட்டுக்காரரு அங்க உசுர வுட்டுகினு கீறாரு, பாரு!"

கணவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வரவில்லை. அலை நுரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் போனேன்.

"கார்ல தூங்கிட்டேங்க."

"கார்லயா... செருப்பப் பாத்ததும் அங்க வந்து பாக்கவே தோணலயே" என்றார். திட்டவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

கூட்டம் கலைந்தபிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"செருப்பு கெடந்தா, கால் நனைக்கப் போயிருக்கான்னுதான நெனைப்பாங்க? நான் செத்துட்டேன்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு?"

அவர் சட்டை நுனியைப் பிழிந்தார்.

"பால்கனில நீ நிக்கறதப் பாத்திருக்கேன். பாப்பா உள்ள கத்திட்டு இருப்பா. நீ கம்பியப் பிடிச்சிட்டுக் கீழயே பாத்துட்டு இருப்ப. கேக்கலாம்னு வருவேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்து உள்ள போயிடுவேன்."

"ஆமாங்க" என்றேன்.

அவர் ஈரச் சட்டையோடு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் கத்தினாள்.

அங்கே தங்காமல் அன்றே திரும்பினோம். அடுத்த வாரம் அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். பிரசவத்துக்குப் பின் நிறையப் பேருக்கு வருவதுதான் என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நிறையப் பேருக்கு வருமென்றால் ஒருவர்கூட ஏன் என்னிடம் சொல்லவில்லை? மாத்திரை போட்டு முதல் சில வாரம் எதுவும் மாறவில்லை. கணவர் லீவு போட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவள் அழுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். எழுந்து போகாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அது எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

சரியாகிவிட்டது என்று ஒரு நாளைக் குறித்துக் காட்ட என்னால் முடியாது. இப்போதும் நான் பத்து நிமிஷம் கண்ணில் படவில்லையென்றால் கணவர் ஒவ்வோர் அறையாகத் தேடிக்கொண்டு வருவார். ஏதாவது சாக்குச் சொல்வார். "இங்கதாங்க இருக்கேன்" என்பேன். சலித்துக்கொள்வதில்லை.