அம்மாவிடம் இல்லாத கார்

மொன்ட்ரியாலுக்கு மேற்கே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பண்ணையில் இனி வேலை இல்லை என்றார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தபோது, கடந்துபோன பழைய கார் ஒன்று கருகிய பெல்ட் மணத்தை விட்டுச் சென்றது. அது அப்பாவின் சட்டை மணம்.

மொன்ட்ரியால்-நோரில் அவருடைய கராஜின் பின்னறையிலிருந்துதான், சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் வானொலியின் கார் திருத்தும் நிகழ்ச்சி போகும். அழைப்பவர்கள் காரின் சத்தத்தை வாயால் செய்துகாட்ட வேண்டும் என்பது அப்பாவின் விதி என்பதால், கோயில் ஐயர்கூட ஒருமுறை இருமிக் காட்டினார். அழைப்பே வராத நேரங்களில், மேல்வீட்டுச் சமையலறையிலிருந்து, கார் ஓட்டவே தெரியாத அம்மா குரலை மாற்றிக்கொண்டு அழைப்பாள்.

"அண்ணை, என்ர கார் கிர்ர்... டொக் எண்டுது."

"அது விக்கல், தங்கச்சி. தண்ணி குடுத்தனீங்களோ?"

"ஓம், இப்ப ஏப்பம் விடுது."

அவள் மேலே சிரிப்பது மேல்தளம் வழியாக மைக்கில் விழும்.

அம்மா செத்த பிறகு வந்த முதல் நிகழ்ச்சியில், செத்தவீட்டுக்காரரோடு பகிடி கதைக்கக்கூடாதென்று எல்லோரும் மரியாதையாக இருந்துவிட்டார்கள். ஒருவரும் அழைக்கவில்லை. அப்பா நெடுநேரம் தொலைபேசியையே பார்த்திருந்துவிட்டு, மைக்கில் மெதுவாக, "கிர்ர்... டொக்" என்றார். பிறகு மைக்கை நிறுத்திவிட்டார். அந்த நிகழ்ச்சி மறுபடி நடக்கவில்லை. கராஜ் இருந்த இடத்தில் இப்போது கார் தரிப்பிடம்.

பண்ணை வேலை போன மறுநாள் காலை டோர்வல் விமான நிலையத்தில் பொதிவண்டி ஓட்டும் வேலை எடுத்தேன். முதல் வண்டியே பாதியில் நின்றது. என்ன சத்தம் போட்டது என்று மேற்பார்வையாளர் கேட்டார். வாயால் செய்துகாட்டினேன். அவர் சிரித்தார். இன்னொருமுறை செய்தேன்.